நல்ல நேரம் முடிவதற்குள் அழித்த டிஸ்க்

உன் மகன் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தான். நகைக்கடைத் துணிப்பையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் டிஸ்கை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்ததை யாரும் துடைக்கவில்லை போலிருக்கிறது. காய்ந்த சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். கோயிலில் வரும் சந்தனம் என்னை ஒன்றும் செய்வதில்லை. மெஷின்மேல் அப்பிய சந்தனம் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் என்னை இப்படிப் படுத்துகிறது.

நீ செத்துப்போனது எனக்குத் தெரியும். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். நான் வரவில்லை. உனக்கு மாலை வாங்க என் கை நீளாது. உயிரோடு இருந்தவரை உன்னை "சார், வாங்க, போங்க" என்றே பேசினேன். இந்த மடலில் நீதான். எழுந்து வந்து கேட்க முடிந்தால் கேள்.

உன் மகனுக்கு என்னை யாரென்று தெரியவில்லை. "டிஸ்க் போனா ஆன்ட்டிகிட்ட எடுத்துகினு போ, அவங்க மீட்டுக் குடுப்பாங்கன்னு கடையில சொன்னாங்க" என்றான். உன் குரல் அப்படியே இருக்கிறது அவனுக்கு. அப்பா யார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சொன்னான். எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் டிஸ்கைக் கையில் எடுத்தேன்.

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்து எந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கொடுத்துவந்த அந்தத் தனியார் கம்பெனியில், எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கினார்கள். ஒரு மெஷின், இரண்டு நாற்காலி. ஒன்றில் நீ, ஒன்றில் நான். நீ மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். நான் டவுன்ஷிப் பிளாக்கிலிருந்து சைக்கிளில் வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றி, கால் துடைத்துத்தான் உள்ளே போகவேண்டும். மெஷினுக்கு நிலக்கரித் தூசி ஆகாது. கம்பெனியில் மேனேஜருக்கு அடுத்து ஏசி இருந்தது நமக்கு மட்டும்தான். மைன்ஸில் ஷிப்ட் பார்த்து, துவைத்தாலும் போகாத பழுப்புச் சட்டையோடு வரும் என் அப்பா, திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்: "எம் மவ ஏசி ரூம்ல வேலை பாக்கா."

உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று யோசித்தேன். உண்டு. அதுதான் இன்னும் எரிச்சல். நீ கெட்டிக்காரன். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை இருவரும் வரி வரியாக உடைத்துப் படித்தோம். புரியாத இடத்தில் நீ டீ வாங்கி வருவாய். என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவாய். "மெஷின் நம்பரத்தான் கேக்கும் சிஸ்டர், பேர கேக்காது" என்று ஒருநாள் சொன்னாய். டிஸ்குக்குப் போகும் பட்டையான ஒயரையும், அது வந்து சேரும் கார்டையும் காட்டிச் சொன்னாய். அந்த ஒயர் வழியாகப் போவதெல்லாம் எத்தனையாவது டிஸ்க், எத்தனையாவது வளையம், எத்தனையாவது துண்டு என்ற எண்கள்தான். பேரிங் ஸ்டாக் என்றோ பெல்ட் ஸ்டாக் என்றோ அந்த ஒயருக்குத் தெரியாது. பேரையும் எண்ணையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பது பைல் சிஸ்டம். அதுவும் டிஸ்கின் தொடக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

அதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்று உனக்கும் சொன்னேன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்கு எண் இருக்கிறது. எந்த எண்ணில் எந்தக் குடும்பம் என்பது அலுவலகத்துப் பதிவில் இருக்கிறது. பதிவு எரிந்துபோனாலும் குடும்பங்கள் அந்தந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். கதவைக் கதவாகத் தட்டிக்கொண்டு போனால் எல்லாரையும் கண்டுபிடித்துவிடலாம். நீ என்னையே பார்த்தாய். "நல்லா சொன்னீங்க சிஸ்டர், இத நான் வெச்சிக்கறேன்" என்றாய். வைத்துக்கொண்டாய், நன்றாகவே.

அடுத்த வருஷம் ஸ்டாக் முழுதும் மெஷினில் ஏறியிருந்தது. எந்த ராக்கில் எந்த ரோலர், எந்த பேரிங் எத்தனை என்று தட்டித் தட்டி ஏற்றியது நான். புரோகிராமில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. டிஸ்க் நிறைந்துவிட்டதென்று மெட்ராஸிலிருந்து இன்னொரு புது டிஸ்க் வந்தது. அதே அளவு, அதே கறுப்பு. ஒரே கேபினட்டில் மேலே பழையது, கீழே புதியது என்று வைத்தோம். பட்டை ஒயரில் இரண்டு பிளக். மேல் பிளக்கில் எது மாட்டியிருக்கிறதோ அது ஒன்று. கீழ் பிளக்கில் இருப்பது இரண்டு. டிஸ்குக்கென்று சொந்தமாக எண் கிடையாது. உட்கார்ந்த இடத்தின் எண்தான் அதற்கு. அதே சமயம், நம் இருவரில் ஒருவரைப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போடப்போவதாகவும் பேச்சு வந்தது. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி முழுக்க வாழைக்கன்றும் மாவிலையும். லேத்துக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, வாட்ச்மேன் சைக்கிளுக்குப் பொட்டு. "நம்ம மெஷினுக்கு உள்ளயும் ஒரு தொடை தொடைச்சிட்டு வெச்சிடலாம்" என்று சொல்லி கேபினட்டைத் திறந்தவன் நீ. ஒயரைக் கழற்றியவன் நீ. இரண்டு டிஸ்கையும் எடுத்து மேஜைமேல் வெள்ளைத் துணியில் வைத்து, பனியன் துணியால் துடைத்தவனும் நீதான். "பொட்டு வெக்கறது லேடீஸ் வேலை, நீங்க வெய்யுங்க சிஸ்டர்" என்றாய். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்று இரண்டுக்கும் வைத்தேன். அப்போது பொரி, கடலை வாங்கிப் போக வந்த மொத்தக் கம்பெனியும் வாசலில் நின்று பார்த்தது. அவர்கள் போனபின் டிஸ்குகளைத் திரும்ப உள்ளே வைத்து ஒயர் மாட்டினாய். அதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பொரி கட்டிக்கொண்டிருந்தேன்.

பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. புது டிஸ்கை அன்றைக்கே தொடங்கிவிடவேண்டும், அதுவும் நல்ல நேரத்துக்குள் என்று ஒற்றைக்காலில் நின்றாய். பஸ் தாமதமாகி வந்து சேரும்போதே வியர்த்திருந்தாய். பிளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பினாய். டிஸ்குக்குப் புதிதாக பைல் சிஸ்டம் எழுதும் கட்டளையை அடித்தாய்.

"ஒரு தடவை ரெண்டாவதுல என்ன இருக்குன்னு படிச்சுப் பாத்துட்டு அடிக்கலாமே சார்" என்றேன்.

"புது டிஸ்க்ல இன்னா இருக்கும் சிஸ்டர்? நல்ல நேரம் முடியப் போவுது."

எந்த டிஸ்க் என்று மெஷின் கேட்டது. இரண்டு என்றாய். இரண்டில் இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அடித்துவிட்டு, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். கட்டளை ஒழுங்காக நடந்தது. மெஷின்மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கீழ் பிளக்கில் இருந்த டிஸ்கைத் தேடிப் போய், அதன் தொடக்கத்தில் காலியான புதுப் பதிவை எழுதிவிட்டு வந்தது. கீழ் பிளக்கில் இருந்தது பழைய டிஸ்க். துடைத்துவிட்டு மேலதைக் கீழும் கீழதை மேலுமாக வைத்திருந்தாய்.

ஸ்டாக்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முதல் டிஸ்கில் ஒன்றுமே இல்லை, இரண்டாவதிலும் ஒன்றுமே இல்லை. நீ கேபினட்டைத் திறந்தாய். கீழே இருந்ததன் ஓரத்தில் பழைய டிஸ்கின் சொட்டையைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப்போனது. அப்போது உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நம்பு. பாவமாகத்தான் இருந்தது. பிளாப்பியில் எடுத்து வைத்த நகல்களைப் போட்டுப் பார்த்தோம். தூசி படிந்து பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். நான்தான் சொன்னேன், முட்டாள் மாதிரி.

"அழியல சார். பதிவுதான் போயிருக்கு. குடும்பமெல்லாம் வீட்டுக்குள்ளதான் இருக்கு. பைல் சிஸ்டத்த விட்டுட்டு, நேரா ஒயர்கிட்டயே துண்டு துண்டா நம்பர் சொல்லிக் கேட்டு எடுத்துடலாம். நான் புரோகிராம் எழுதறேன். ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் அந்த டிஸ்க்ல எதையும் எழுதக்கூடாது. எழுதினா பழசு மேல உக்காந்துடும்."

"எழுதினா போயிடுமா?"

"போயிடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

நீ கேபினட்டை மூடித் திருகாணியைப் போட்டாய். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காதீங்க சிஸ்டர். நான் மேனேஜர்கிட்ட பேசி டைம் வாங்கறேன்" என்றாய். நான் நம்பி வீட்டுக்குப் போய், இரண்டு நாள் லீவிலும் தாளில் புரோகிராம் எழுதினேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்தால், டிஸ்க் கழுத்துவரை நிறைந்திருந்தது. சம்பளப் பட்டியல், பழைய கடிதங்கள், ஒன்றுக்குமே உதவாத மாதிரிப் பைல்கள், ஒரே பைலின் பத்துப் பதினைந்து பிரதிகள். காலி வீடு ஒன்றுகூட விடாமல் புதுக் குடும்பங்களைக் குடிவைத்திருந்தாய். எதைச் செய்தால் மீட்கவே முடியாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

மீட்டிருந்தால் இருவருக்கும்தானே நல்லது, பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று பல வருஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மீட்டால், எப்படித் தொலைந்தது என்று கேட்பார்கள், யார் மீட்டது என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கு என் பேர் வரும். பொறுப்பாளர் நாற்காலி என் பக்கம் நகரும். மீட்காவிட்டால் ஒரே கேள்விதான், யார் தொட்டது என்று. அதற்குக் கம்பெனி முழுக்கச் சாட்சி இருந்தது.

மேனேஜர் அறையில் நீ சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "நான் எல்லாம் சரியாத்தான் சார் மாட்டி வெச்சிருந்தேன். சிஸ்டர் பொட்டு வெக்கறேன்னு டிஸ்க வெளிய எடுத்தாங்க. மாத்தி வெச்சிட்டாங்க. தெரியாம செஞ்சதுதான் சார், மன்னிச்சி வுட்டுடுங்க." மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சினாய் பார், அங்கேதான் நீ ஜெயித்தாய். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். டைப்பிஸ்ட் பெண்ணைக் கேட்டார்கள். டிஸ்க் பக்கத்தில் யாரைப் பார்த்தீர்கள்? சந்தனக் கிண்ணத்தோடு என்னைத்தான் பார்த்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டிஸ்கில் என் விரல் அடையாளத்தோடு சந்தனம் இருந்தது. நான் உண்மையைச் சொன்னபோது, சொந்தத் தப்பை மறைக்க, எனக்காகப் பரிந்து பேசுகிறவன் மேலேயே பழிபோடுகிறேன் என்றார் மேனேஜர்.

என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பேரிங்கைக் காக்கித் தாளில் சுற்றிச் சணல் கட்டும் வேலை. நீ பொறுப்பாளர் ஆனாய். அதைக்கூட என்னால் விழுங்கிக்கொள்ள முடிந்திருக்கும். ஆனால் என் அப்பாவைப் பார்க்கப் போனாய் அல்லவா, அதைத்தான் விழுங்க முடியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நீயாக வந்தாய். நான் கடைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தால் என் அப்பா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். டிஸ்மிஸ் செய்ய இருந்தார்கள், நீ பேசித்தான் வேலையைக் காப்பாற்றினாய் என்று சொல்லியிருந்தாய்.

நீ போனதும் அப்பா என்னை உட்காரவைத்தார். "ஏட்டி, தப்பு நடந்து போச்சுன்னா ஒத்துக்கிடணும். அந்தப் பையன் மேல பழியப் போடுதியே, அது பாவம்லா?"

"நான் செய்யலப்பா."

"சரி, விடு. வேலை போவலல்லா, அது போதும்."

அதற்குப்பின் அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஏசி ரூம் பேச்சும் அவர் வாயில் வரவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், "இருக்கா, கம்பெனில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். உன்னைக் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் நின்று வணக்கம் வைப்பார். நீயும் வாங்கிக்கொண்டாய். நான் செய்யவில்லை என்று நம்பாமலேயே அவர் போய்ச்சேர்ந்தார். அவர் உடம்பு கிடந்தபோதும் வந்தாய், மாலையோடு.

நான் அந்த வேலையை விட்டேன். மார்க்கெட்டில் ஓர் அறை பிடித்து கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தேன். பின்னால் கெட்டுப்போன டிஸ்குகளை மீட்கத் தொடங்கினேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கு என்னைவிட்டால் அதற்கு ஆளில்லை, பெருமையாகவே சொல்கிறேன். வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மெஷின் சம்மதமா என்று கேட்டால் சம்மதம் சொல்லாதே, எதைக் கேட்கிறது என்று முதலில் போய்ப் பார்.

உன் மகனுக்கும் அதே கதைதான். டிஸ்கைச் சொருகி வைத்திருந்த பழைய பெட்டி கெட்டுவிட்டது என்று கழற்றி வேறு பெட்டியில் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் உடனே, இதில் ஒன்றுமில்லை, அழித்துப் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறது. நல்லவேளை, பயந்து நிறுத்திவிட்டான். டிஸ்கில் ஒரு கோளாறும் இல்லை. டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேசுவது அந்தப் பெட்டிதான். பழைய பெட்டி எட்டுத் துண்டைச் சேர்த்து ஒன்று என்று எண்ணியது. புதுப் பெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. பைல் சிஸ்டம் நூறாவது இடம் என்று சொல்லிவைத்ததை இது வேறு எங்கோ போய்த் தேடுகிறது.

என் கணினியிலும் அதே கேள்வி வந்தது. அழித்து எழுதட்டுமா? என் விரல் சம்மதம் சொல்லும் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உன் மகன் எதிரில் உட்கார்ந்து, "அப்பா போட்டோ, வீடியோ எல்லாம் இதுல மட்டும்தான் ஆன்ட்டி இருக்கு" என்றான். மீட்க முடியவில்லை என்று சொன்னால் கேள்வி கேட்க ஆளில்லை. நீ இருந்ததற்கு அடையாளமாக ஒரு படம்கூட மிஞ்சாது. ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருந்தது.

செய்யவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. நீ செய்த வேலையை நானும் செய்ய என் கை கூசியது. அலமாரியிலிருந்து பழைய மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினேன். எல்லாம் வந்து நின்றது. உன் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வீடியோவைத் திறந்தான். உனக்கு நடந்த ஓய்வு விழா. சால்வையும் மைக்குமாக நீ.

"ஒரு சிஸ்டர், பொட்டு வெக்கறேன்னு டிஸ்கையே மாத்தி வெச்சிட்டாங்க. மொத்த ஸ்டாக்கும் பூட்ச்சி. நான்தான் ஒண்டியா உக்காந்துகினு எல்லாத்தையும் திரும்ப ஏத்தினேன். அந்தம்மா வேலையையும் காப்பாத்தினேன்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதுவரைக்கும் உனக்கு ஒரு உறுத்தல் இருந்திருக்கும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அன்றைக்குப் போயிற்று.

"இந்தக் கதைய அப்பா வூட்ல அடிக்கடி சொல்வாரு" என்று உன் மகன் சிரித்தான்.

"அந்த சிஸ்டர் நான்தான்" என்றேன்.

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். கேபினட்டைத் திறந்தது யார், நல்ல நேரம் என்று அவசரப்பட்டது யார், திங்கட்கிழமை டிஸ்க் எப்படி நிறைந்திருந்தது, என் அப்பா யாரைக் கும்பிட்டார். அவனும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான். ஒரே பைலுக்குப் பதினைந்து பிரதி என்றதும் நிமிர்ந்து பார்த்தான். எதற்காக ஒருவன் அப்படிச் செய்வான் என்று அவனுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது, நம்பிவிட்டான்.

வீடியோவை நிறுத்திவிட்டு, "அப்பாதான் போயிட்டாரே ஆன்ட்டி. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றான்.

"நான் இருக்கேனே தம்பி."

காசு கொடுக்க வந்தான், வாங்கவில்லை. டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு கேட் வரை போனவன் நின்றான். பாவம், நல்ல பிள்ளை, உன் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த வீடியோவ அழிச்சிடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"அழிக்காத" என்றேன். "வச்சுக்க. உங்க அப்பா திதிக்குத் திதி போட்டுப் பாரு."